கியர் எண்ணெயில் மின்னிய பித்தளை

இன்று காலை எருமப்பட்டியில் தம்மம்பட்டி பஸ்ஸை நான் கிளம்ப விடவில்லை.

பஸ் கம்பெனியின் மெக்கானிக்காக இங்கே கொட்டகையில் தனியாக இருக்கிறேன். கியர் பெட்டியிலிருந்து கொஞ்சம் எண்ணெயைக் கண்ணாடித் தம்ளரில் இறக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அடியில் பித்தளைத் தூள் மின்னியது. உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பித்தளை வளையமான புஷ் தேய்கிறது என்று அர்த்தம்.

ஜனங்கள் என்னைத் திட்டிக்கொண்டே கலைந்தார்கள். மகளின் பிரசவத்துக்குப் புறப்பட்ட ஒரு பெரியவர் மட்டும் அருகில் வந்தார்.

"ஏனுங்க, இதென்ன பொன்னாட்டம் மின்னுது?"

"பித்தளைங்க. உள்ளார தேயுதுங்க. ஏறிப் போயிருந்தா நடுவழியில நின்னிருக்குமுங்க."

"அப்படீங்களா! நின்னுட்டா பொட்டக்காட்டுல என்னத்தைப் பண்றது?" என்றவர், தூக்குப்போசியைத் திறந்து கம்பஞ்சோற்றில் பாதியை எனக்குக் கொடுத்தார்.

"ஊட்டுல யாரு இருக்கறாங்க சாமி?"

"யாருமில்லீங்க."

அவர் ஒரு வெங்காயத்தை உரித்து என் கையில் வைத்தார். வண்டி எப்போது கிளம்பும் என்பதைத் தவிர வேறு எதையும் இதுவரை இங்கே யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அந்த வழியே போன மாட்டு வண்டியில் இடம் கிடைத்ததும், "வாரேன் சாமி" என்று ஏறிக்கொண்டார். புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிற்பகலில் பெட்டியைப் பிரித்தேன். புஷ் இரண்டாகப் பிளந்திருந்தது. "பாருங்க!" என்று சந்தோஷமாகத் திரும்பினேன். கொட்டகையில் யாரும் இல்லை.

இந்தப் பக்கம் பஸ்ஸில் வந்தால், வண்டி நன்றாக ஓடும் நாளிலும் இறங்கி ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள். உங்களை நிறுத்துவதற்காக நான் எண்ணெயில் குறை தேட ஆரம்பித்துவிடக் கூடாது அல்லவா?