கை நீட்டாத பாலிசிக்காரர்

அருப்புக்கோட்டை கடைவீதியில் இன்சூரன்ஸ் பற்றிப் பேச்சு வந்தால், ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் ஒரே ஆளைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். கொத்தமல்லி, மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் பொன்ராஜ்தான் அவர். "அண்ணாச்சியைப் பாருங்க, இருபத்திரெண்டு வருஷமா ஒரு தவணை தவறாமக் கட்டுறாக" என்பாள் ஏஜெண்டு காளீஸ்வரி. "அண்ணாச்சியைப் பாருங்க, இருபத்திரெண்டு வருஷமாக் கட்டி ஒத்தப் பைசா திரும்ப வரல" என்பான் பக்கத்து எண்ணெய்க் கடை ராம்குமார். இரண்டும் உண்மை. ஆனால் கடைவீதியில் விலைபோனது இரண்டாவதுதான்.

பணம் திரும்ப வராததற்குக் காரணம் கம்பெனி அல்ல. பொன்ராஜ் கேட்டதே இல்லை.

இதைப் புரிந்துகொள்ள மகமையைச் சொல்லவேண்டும். அவருடைய சமூகச் சங்கமான உறவின்முறையில், வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று பொது நிதிக்கு ஒதுக்கிவைப்பது தலைமுறைகளாக வரும் வழக்கம். அதற்குப் பெயர் மகமை. பள்ளிக்கூடம் அந்தப் பணத்தில்தான் வந்தது, கல்யாண மண்டபமும் அப்படித்தான். நொடித்துப்போன கடைக்காரனைத் தூக்கிவிட்டதும் உண்டு. போடுகிறவனுக்கு மரியாதை. எடுக்கிறவனை யாரும் ஒரு சொல் சொல்லமாட்டார்கள். அவன் கடையைக் கடக்கும்போது குரலைச் சற்றே தாழ்த்திக்கொள்வார்கள், அவ்வளவுதான். பொன்ராஜ் சிறுவயதில் அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டு வளர்ந்தவர். பின்னாளில் கார் இன்சூரன்ஸ், கடை இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் என்று வரிசையாக வந்தபோது, எல்லாவற்றையும் மகமையோடு சேர்த்துவிட்டார். போடுவது கௌரவம், கேட்பது கேவலம். ஒவ்வொரு ரசீதுக்கும் மஞ்சள் தடவிச் சாமி படத்தடியில் ஒருநாள் வைத்து, பிறகு பச்சை ஃபைலில் கட்டிவைப்பார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததில்லை. மகமைச் சீட்டை யாராவது படிப்பார்களா?

எட்டு வருஷத்துக்கு முன்னால் பித்தப்பைக் கல்லுக்காக மதுரையில் அவருக்கு ஆபரேஷன் ஆனது. கவுண்டரில் இருந்த பெண், "இன்சூரன்ஸ் இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"மூணு இருக்கு" என்றார் பெருமையாக.

"கார்டு குடுங்க."

"அது எதுக்கும்மா? நான் ரொக்கமாக் கட்டிர்றேன்."

பக்கத்தில் நின்ற மனைவி சௌந்தரம் ஆபரேஷன் தனக்கென்பதுபோல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

சௌந்தரத்துக்கும் ஒரு தொழில் உண்டு. பாளையம்பட்டி வீட்டின் பின்கட்டில் மல்லிப்பொடி, வத்தப்பொடி அரைத்து வந்து பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். கையால் நிறுத்து, கையால் ஒட்டி, நாளைக்கு இருநூறு பாக்கெட்டைத் தாண்ட முடியவில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் சுகப்பிரியா அங்கே ஒரு பாக்கெட் மிஷினைப் பார்த்துவைத்திருந்தாள். நாலு வருஷமாகப் பொடி விற்றுச் சேர்த்த அறுபத்தைந்தாயிரம் அதற்காகக் காத்திருந்தது. தை முடிந்ததும் போய் எடுத்துவருவதாக ஏற்பாடு.

அந்தத் தை மாதத்தில்தான் பொன்ராஜ் தம் காரைக் கொளுத்தினார். வேண்டுமென்று அல்ல, உதவி செய்யப்போய்.

தை பிறந்தால் திருச்சுழி பக்கத்து ரோடுகள் பாதி நேரம் களமாகிவிடும். பிடுங்கிய உளுந்துச் செடியைத் தார்மேல் பரப்பிவிட்டால், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் கூலி கேட்காமல் அடித்துக் கொடுத்துவிடும். கூடாது என்று அரசாங்கம் சொல்கிறது. மாடு குறைந்துபோன ஊரில் அரசாங்கத்தின் ரோடுதான் மாடு. மற்ற கார்க்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள். பொன்ராஜ் ஒதுங்கமாட்டார். உளுந்து உடைவது எப்படி என்று தெரிந்த வியாபாரி அவர். அன்றைக்கு மெதுவாக ஏற்றினார், கண்ணாடியில் பார்த்தார், ஓரத்தில் சரியாக உடையவில்லை என்று பட்டது, பின்னால் வந்து மறுபடி ஏற்றினார். தாழ்வான சின்னக் கார். காய்ந்த செடி அச்சில் சுற்றிக்கொண்டு, சூடான புகைக்குழாயைத் தொட்டது.

உளுந்துக்குச் சொந்தக்காரர் இருளப்பசாமி வரப்பிலிருந்து ஓடிவந்தார். "மொதலாளி, எறங்குங்க! அடியில பொகையுது!"

"அது எஞ்சின் சூடுப்பா."

"எஞ்சின் சூடு இல்ல மொதலாளி, எரியுறது என் உளுந்து!"

இறங்கினார். இருளப்பசாமியும் அவர் மனைவியும் கரிசல் மண்ணைக் கூடைகூடையாக அள்ளிப்போட்டு அணைத்தார்கள். அணைந்தபோது காரின் முன்பாதி கறுத்திருந்தது. முகப்புப் பிளாஸ்டிக் இட்லி மாவுபோலத் தொங்கியது. பொன்ராஜுக்குச் சிராய்ப்புகூட இல்லை. இருளப்பசாமி தரையைப் பார்த்து, "பத்துப் படி போச்சே" என்றார். பொன்ராஜ் உடனே பையிலிருந்து ஆயிரம் ரூபாயை எடுத்துக் கொடுத்தார். விண்ணப்பம் இல்லை, ஆய்வு இல்லை, கழிவு இல்லை. கார் எரிந்தவர் உளுந்து எரிந்தவருக்கு நஷ்டஈடு கொடுத்தார்.

பாளையம்பட்டி மெக்கானிக் முத்துராஜ் காரைச் சுற்றிவந்து அறுபத்துநாலாயிரம் என்றான். "சாமான் மதுரையில ரொக்கத்துக்குத்தான் தருவாக அண்ணாச்சி. இருபது இருபத்தஞ்சுன்னா நான் பொறுத்துக்கிருவேன். முழுசையும் என்னால தாங்க முடியாது." கடைப் பணம் முழுக்க மல்லி சீசனுக்கு அட்வான்ஸாகப் போயிருந்தது. வீட்டில் ரொக்கமாக இருந்தது ஒரே ஒரு தொகை.

பொன்ராஜ் அதைக் கேட்கவில்லை. மறுநாள் காலை இரண்டாம் இட்லியைப் பிட்டபடி, "மிஷினு... அடுத்த வருஷம் இன்னும் நல்ல மாடல் வரும்னு சொல்றாகளே" என்றார்.

சௌந்தரம் சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள். பதில் சொல்வதற்குள் வாசலில் காளீஸ்வரி வந்து நின்றாள். முகத்தில் கல்யாணக் களை.

"அண்ணாச்சி, கார் எரிஞ்சுபோச்சாமே!"

"ஒனக்கு என்ன அதுல இம்புட்டுச் சந்தோஷம்?"

"ஆளுக்கு ஒண்ணுமில்லைல்ல? பெறகென்ன, சந்தோஷந்தான்." பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். "இன்னைக்கே தெரிவிச்சிரணும். சர்வேயர் வந்து பாக்குறவரைக்கும் முத்துராஜு ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழட்டக் கூடாது. இங்க ஒரு கையெழுத்து."

"காப்பி குடி. ஃபாரத்தை உள்ள வை."

"ஏன் அண்ணாச்சி?"

"நான் போய்க் கை நீட்டுனா கடைவீதியில என்ன பேசுவாக?"

"இப்ப என்ன பேசுறாகன்னு தெரியுமா? உங்களைக் காட்டியே ராம்குமார் அண்ணன் இந்த வருஷம் எனக்கு நாலு பாலிசியைக் கெடுத்துட்டாரு. 'அண்ணாச்சிக்கே வரல, உனக்கா வரப்போகுது'ங்கிறாரு. எனக்கு வாய்ச்ச நல்ல கஸ்டமரும் நீங்கதான், எனக்கு வந்த கேடும் நீங்கதான்."

பொன்ராஜ் அடுத்த அரணுக்குப் பின்வாங்கினார். "வருஷா வருஷம் கேக்காம இருந்ததுக்குப் பாதித் தள்ளுபடி தாராகள்ல? கேட்டா அது போயிருமே."

"போகும். மூவாயிரம் போகும். மூவாயிரத்தைக் காப்பாத்த அறுபத்துநாலாயிரத்தைக் குடுப்பீகளா? மல்லியில இப்படி யாவாரம் பண்ணுவீகளா?"

மல்லியை இழுத்ததும் அவர் இட்லித் தட்டுக்குத் திரும்பினார். அந்த இடைவெளியில் சௌந்தரம் நுழைந்தாள்.

"ஏங்க, சுகப்பிரியா எங்க படிச்சா?"

"நம்ம உறவின்முறை பள்ளிக்கூடத்துல. தெரியாத மாதிரி கேக்குற."

"அது யார் காசுல கட்டுனது?"

"மகமைல."

"பன்னெண்டு வருஷம் கைபிடிச்சுக் கூட்டிப்போய் விட்டீகளே, ஒரு நாளாச்சும் கை நீட்டுறோம்னு கூச்சமா இருந்துச்சா?"

"அது எல்லாருக்கும் பொதுவுல கட்டுனது."

"இதுவும் பொதுதான். கார் எரிஞ்சவுக எல்லாருக்கும் பொது. நீங்க போட்ட காசுல இதுவரைக்கும் எத்தனை பேரு கார் பாத்தாகளோ. ஒரு தடவ நம்ம காரு பாத்துக்கிரட்டும்." இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். "இல்லன்னா பீரோச் சாவி இந்தா இருக்கு, என் பணத்தை எடுத்துக்கோங்க. ஆனா உளுந்துக்காரருக்கு ரோட்டுல வச்சே குடுத்தீகள்ல, அதேபோல எனக்கும் நஷ்டஈடு இப்பவே எண்ணி வைக்கணும்."

சாவி மேசைமேல் விழுந்தது. பொன்ராஜ் சாவியைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். பேனாவை வாங்கினார். காளீஸ்வரி காட்டிய இடத்திலெல்லாம் போட்டார். அவசரத்தில் காட்டாத ஓர் இடத்திலும் போட்டுவைத்தார்.

சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், போனார். ஐந்து வாரத்தில் முப்பத்தேழாயிரத்துச் சொச்சம் அனுமதியாகிக் கடிதம் வந்தது. ஒரு பைசா வேண்டாம் என்றிருந்த மனிதர் அதைப் படித்துவிட்டுக் காளீஸ்வரிக்குப் போன் போட்டார்.

"மிச்சம் எங்க?"

"கழிச்சுட்டாக அண்ணாச்சி. பிளாஸ்டிக், ரப்பருக்குப் பாதிதான். இரும்புக்கு வயசுக்குத் தக்கனக் கழிவு."

"யாரைக் கேட்டுக் கழிச்சாக?"

"பாலிசியிலயே போட்டுருக்கு. பதினோராம் பக்கம்."

பச்சை ஃபைல் இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் படிப்பதற்காகத் திறக்கப்பட்டது. கல்லுக்கும் மண்ணுக்கும் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு பிடித்தே மல்லி வாங்குகிற மனிதர் அவர். தமக்கே ஒருவன் கழிவு பிடிக்கிறான் என்றதும் கோபத்தோடு ஒரு தொழில்முறை மரியாதையும் வந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் நிற்க, கல்லாவில் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார். சர்வேயரின் பட்டியலையும் படித்தார். ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் பிளாஸ்டிக் என்று எழுதியிருந்தது. மறுநாள் கருகிய அந்தச் சட்டத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு விருதுநகர் ஆபீசுக்குப் பஸ்ஸில் போனார். மேசைமேல் வைத்தார், சட்டைப்பையிலிருந்து காந்தம் ஒன்றை எடுத்து அதன்மேல் விட்டார். 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது.

"பிளாஸ்டிக்ல காந்தம் ஒட்டுமா தம்பி?"

திருத்தம் செய்து கூடுதலாக ஆயிரத்துத் தொள்ளாயிரம் கொடுத்தார்கள். முப்பத்தேழாயிரத்தைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைக் கடைவீதி முழுக்கச் சொன்னார். குரலைத் தாழ்த்தியவர் யாருமில்லை. காந்தத்தை எங்கே வாங்கினார் என்றுதான் கேட்டார்கள். மிச்சத்தை மல்லி விற்றதும் வாங்கிக்கொள்வதாக முத்துராஜ் சம்மதித்தான். பீரோச் சாவி சௌந்தரத்தின் இடுப்புக்குத் திரும்பியது.

ராம்குமார் உட்கார்ந்து கணக்குப் போட்டான். "கட்டுனது ரெண்டரை லட்சத்துக்கு மேல. வந்தது நாப்பதுக்குள்ள. நட்டந்தானே?" கணக்கு சரிதான். கடை எரியாமல் போனால் கட்டிய பிரீமியம் வீண் என்று உண்மையாகவே வருத்தப்படுகிறவர்கள் எங்கும் உண்டு. பொன்ராஜ் அந்த ரகம் இல்லை என்பதுதான் அவரிடம் எப்போதும் இருந்த புத்திசாலித்தனம். அது சரி, கணக்குப் போட்ட ராம்குமார் அதே வாரம் தன் வேனுக்கு முழு இன்சூரன்ஸ் எடுத்தான். கழிவு பிடிக்காத பாலிசி உண்டா என்று விசாரித்து, அதற்குக் காசு கூட என்றதும் வழக்கமானதையே எடுத்தான்.

மாசிக் கடைசியில் மிஷின் வந்து இறங்கியது. பின்கட்டில் அதற்குக் குங்குமம் வைத்து முடிக்கவும் காளீஸ்வரி புதுப் படிவமும் பாலிசிப் புத்தகமுமாக வந்து சேர்ந்தாள்.

"அக்கா, மிஷினுக்கும் ஒரு சின்ன பாலிசி..."

"வேண்டாம்" என்றாள் சௌந்தரம்.

காளீஸ்வரி திகைத்தாள். "நீங்களா அக்கா இப்படிச் சொல்றீக?"

"வீட்டுக்குள்ள நிக்கிற சாமான். இது என்ன உளுந்து மேலயா ஓடப்போகுது? தெண்டச் செலவு."

"அப்படிச் சொல்லாத" என்றார் பொன்ராஜ். "கரெண்டு கூடக்கொறைய வந்தா? எலி வயரைக் கடிச்சுட்டா?"

"எலி கடிச்சா குடுப்பாகளா?"

பொன்ராஜ் காளீஸ்வரி பக்கம் திரும்பினார். "எலி எந்தப் பக்கத்துல வருது?"

காளீஸ்வரிக்குத் தெரியவில்லை. பொன்ராஜ் அவள் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். சௌந்தரம் சுவிட்சைத் தட்டினாள். மிஷின் போட்ட சத்தத்தில் அவர் படித்தது யாருக்கும் கேட்கவில்லை. மல்லிப்பொடிப் பாக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கூடையில் விழுந்தன.