சந்திரவல்லி போட்ட கையெழுத்து

ஆமாம், கையெழுத்துப் போட்டவள் சந்திரவல்லிதான். எட்டு மாதமாகச் சிலமலை ஊரில் அவளைத் திட்டாத வாய் இல்லை. அவளும் ஒருத்திக்கும் பதில் சொல்லவில்லை.

பத்தொன்பது வருடமாகப் போடிமெட்டுச் சரிவில் ஏலக்காய்த் தோட்டத்தில் அவளுக்கு வேலை. தினமும் விடியலில் பதினாலு பெண்களோடு கார்த்தியின் ஜீப்பில் ஏறுவாள். மதுரையில் ஒரு நகைக்கடைக்காரரை யாரோ குத்திக் கொன்ற அந்தத் திங்கட்கிழமைக் காலையிலும் அவர்களை மலையேற்றியவன் கார்த்திதான். சொன்னால் கேட்கிற ஆளா மதுரை இன்ஸ்பெக்டர்? கொலைகாரன் ஜீப்பில் தப்பினான் என்று எவனோ சொன்னதை நம்பி வந்து, கார்த்தியை வண்டியிலிருந்து இழுத்துப்போட்டு, பெண்கள் கண்ணெதிரே வலது கையை முறித்தார். பேப்பரில் அவரைப் புலி என்று எழுதினார்கள். புலியாம் புலி!

மறுநாள் சாட்சி தேடித் தோட்டத்துக்கே வந்தார். சித்திரை வெயிலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சந்திரவல்லியிடம் ஒரு கத்தியைக் காட்டி, அதைக் கைப்பற்றியதாக எழுதிய மகஜரை நீட்டினார்.

"கார்த்தி சொன்ன எடத்துல இதை எடுத்தோம். நீ பார்த்த. கையெழுத்துப் போடு."

"நான் பாக்கலையே சார்."

"அப்ப ஒளிச்சுவச்சதே நீதான்னு எழுதவா?"

வாங்கி வாசித்தாள். 'நான் ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது' என்று தொடங்கியது. சித்திரையில் பறிக்கக் காய் ஏது? கடைசிப் பறிப்பு மாசியிலேயே முடிந்துவிட்டது. இனி ஆடி பிறக்க வேண்டும். மனுசன் ஸ்டேஷனிலேயே எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கீழே தேதியையும் பளிச்சென்று எழுதினாள்.

கார்த்தியின் மனைவி சூர்யகலா அவள் வீட்டு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். "எம்புருசன காட்டிக் குடுத்துட்டியே, நீ நல்லாருப்பியா?" சந்திரவல்லி உண்மையைச் சொன்னால் விஷயம் ஸ்டேஷன் வரை போகும், மகஜரையே மாற்றிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மதுரைக் கோர்ட்டில் கூண்டேறியதும் போட்டு உடைத்தாள்.

"அய்யா, இது பொய். சித்திரையில எங்க மலையில எவளும் காய் பறிக்க மாட்டா. கத்திய நான் பாத்தது இந்த சார் கையிலதான்."

நீதிபதி தேதியைப் பார்த்தார். "சித்திரையில் பறிப்பு உண்டா?" என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டார். அவர் மகஜரைப் புரட்டத் தொடங்கியதும் நீதிபதி சந்திரவல்லி பக்கம் திரும்பினார்.

"பிறகு ஏம்மா கையெழுத்துப் போட்டீங்க?"

"மாட்டேன்னா வேற ஒருத்திய மிரட்டி, தப்பில்லாம எழுதி வாங்கியிருப்பாருய்யா."

மறுவாரம் கார்த்தி விடுதலையானான். கோர்ட்டு வாசலிலேயே சூர்யகலா சந்திரவல்லியின் காலில் விழப்போனாள். சந்திரவல்லி தோளைப் பிடித்து நிறுத்தினாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில்தான் நின்றார். குரலைக் குறைக்காமலே சொன்னாள்.

"அழுகைய விடு. என்னைத் திட்டுன தெம்போட போயி, ஒம்புருசன் கைய ஒடிச்ச ஆளு மேல கேஸக் குடு. சாட்சிக்கு நான் வர்றேன். அத நெசமாவே பாத்தேன்."