காட்டாவில் குறைந்த நாற்பது கிலோ

எங்கள் லாரியில் கிளீனர் நான்தான். இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு டிரைவர் சீட்டில் இருக்கும் என் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள். முன்பிருந்த கிளீனர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கும்வரை என்று ஏறி உட்கார்ந்தவள், மூன்று வருஷமாக இறங்கவில்லை. ரிவர்ஸ் பார்ப்பது, டயரைத் தட்டிப் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, கேட்டில் ரசீது வாங்குவது எல்லாம் என் வேலை. அதற்கு முன் பதினெட்டு வருஷம் குடிபாலா பக்கத்தில் எங்கள் ஊரில், வீட்டில் இருந்தேன். பலமனேருக்கு அப்பாலும் ரோடு போகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். இப்போது அந்த ரோட்டில் எந்த ஓட்டலில் சாம்பார் தண்ணீராக இருக்கும் என்பதுவரை தெரியும். அந்த இடதுபக்க சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

அதனால்தான் உடம்பு இளைக்க ஆரம்பித்தபோது யாரிடமும் மூச்சு விடவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஆரம்பித்தது. எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை. ஜாக்கெட்டை இரண்டு முறை உள்ளே பிடித்துத் தைத்தேன். மூன்றாவது முறை தைக்க இடமில்லை, ஊக்கு குத்திக்கொண்டேன். தண்ணீர் பாட்டில் பாட்டிலாக உள்ளே போனது, அதே வேகத்தில் வெளியே போக வேண்டியிருந்தது. கேட்டால் வெயில் என்பேன். சித்தூர் வெயிலின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் மறுபேச்சு இருக்காது.

என் வீட்டுக்காரருக்கு எல்லா நோய்க்கும் ஒரே வைத்தியம்: "ரெண்டு நாளு வூட்ல படு." போன வருஷம் காய்ச்சல் வந்தபோதும் அதைத்தான் சொன்னார். அந்த ரெண்டு நாள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், என் சீட்டில் எவனோ உட்கார்ந்து பெங்களூர் போய் வந்தான். மறுபடி அது நடக்கக் கூடாது.

மாங்காய் சீசன் வந்தது. தாமல்செருவு மண்டியில் பெங்களூரா மாங்காய் ஏற்றி, சித்தூருக்கு வெளியே இருக்கும் ஒரு ஜூஸ் ஃபேக்டரியில் இறக்குவது எங்கள் வேலை. ஃபேக்டரிக்குள் போனதும் லாரியை அப்படியே காட்டா மேல் ஏற்ற வேண்டும். பூமி மட்டத்தில் பதித்த பெரிய இரும்பு மேடை, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் எடை ஓடும் போர்டு. லோடோடு ஒரு எடை, இறக்கிவிட்டு வெறும் வண்டியாக இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மாங்காய். இரண்டு முறையும் டிரைவரும் கிளீனரும் வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். நடுவில் எதையாவது இறக்கினால் அந்த எடையும் மாங்காயாகிவிடும். சில புண்ணியவான்கள் சீட்டுக்கடியில் கல் வைத்துக்கொண்டு வந்து, உள்ளே போனதும் தூக்கி வீசியிருக்கிறார்கள். பிடிபட்டால் அந்த வண்டிக்கு சீசன் முழுக்க கேட் கிடையாது.

அன்று லோடு இறக்கும் இடத்தில் மூன்று மணிநேரம் வரிசை. அந்த ஃபேக்டரியில் மாங்காய் கழுவத் தொட்டி உண்டு, கொட்டை காயவைக்கக் களம் உண்டு, லாரியில் வரும் பெண்ணுக்குக் கக்கூஸ் கிடையாது. அப்படி ஒரு பெண் வருவாள் என்று கட்டியவருக்குத் தோன்றவில்லை, பாவம். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன், முடியவில்லை. நைசாக இறங்கி எதிரில் இருந்த பெட்ரோல் பங்குக்குப் போனேன். அங்கே கக்கூஸ் சாவி வைத்திருந்த ஆள் வரவே வெகுநேரமாகிவிட்டது. திரும்பி வருவதற்குள் வரிசை நகர்ந்து, மாங்காய் இறங்கி, வெறும் வண்டி காட்டா மேல் ஏறிவிட்டிருந்தது. சுற்றி ஒரே கூட்டம்.

நாங்கள் இருவரும் உள்ளே இருக்க, எங்கள் வெறும் வண்டி ஆறாயிரத்து இருநூற்று முப்பது கிலோ. தினமும் பங்கில் டேங்கை நிரப்பிவிட்டுத்தான் உள்ளே போவோம் என்பதால் இந்த சீசனில் இந்தக் கணக்கு மாறியதே இல்லை. அன்று போர்டில் ஆறாயிரத்து நூற்றுத் தொண்ணூறு.

"நாப்பது கிலோ தக்குவ வருது. இன்னாண்ணா எறக்கன, கல்லா?" என்றார் காட்டா கிளார்க். கண்ணாடி போட்ட, நிதானமான மனிதர்.

"கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. எம் பொண்டாட்டி எறங்கிப் போயிருக்கா," என்றார் என் வீட்டுக்காரர்.

"சரி. அம்மா வந்து ஏறட்டும், பாத்துடலாம்."

அத்தோடு விட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் என் வீட்டுக்காரர் விடவில்லை. "அது எப்டி சார் நாப்பது? அவ அறுபது கிலோ கீறா. அறுபதுதானே கொறையணும்? உங்க காட்டாதான் தப்பு!"

கிளார்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அண்ணா, நாப்பது கிலோ ஏமாத்தினியான்னு நான் கேக்கறேன். நீ அறுபதுன்னு ஒத்துக்கற."

டிரைவர்கள் சிரித்தார்கள். நான் ஏறாமல் நின்றேன். வண்டிக்கு கேட் போய்விடுமோ என்று அல்ல. நான் ஏறினால் போர்டில் என்ன வரும் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏறி உட்கார்ந்தேன். ஆறாயிரத்து இருநூற்று முப்பது. "லெக்க சரியா கீது, போலாம்," என்றார் கிளார்க், ரசீதை அச்சடித்து நீட்டியபடி. நான் எட்டி வாங்கிக்கொண்டு, "மாமா, வண்டிய எடு," என்றேன்.

எடுத்தார். மேடையை விட்டு இறக்கி நிறுத்தினார். "எறங்கு. போய் தனியா நில்லு," என்றார்.

"இன்னாத்துக்கு? அதான் சரியாப் போச்சே."

"உன்னை நாப்பதுன்னு காட்டுது. நாளைக்கு மாங்காயையும் இப்டி கொறச்சுத்தானே காட்டும்? நில்லு."

லாரி நிற்கும் மேடையில் தனியாக நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரியது என்று. நடுவில் போய் நின்றேன். இருபது டிரைவர்கள் தலைநிமிர்ந்து போர்டைப் பார்த்தார்கள். நாற்பது. பிறகு என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவர் ஏறினார். எழுபது. அவர் எப்போதும் எழுபதுதான். இறங்கி, என்னை மறுபடி நிற்கச் சொன்னார். நாற்பது. அந்த போர்டு பத்துப் பத்தாகத்தான் காட்டும், நாலைந்து கிலோ இப்படி அப்படி இருக்கலாம். இருபது கிலோ இருக்காது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் போர்டைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பார்த்தார், ஊக்கைப் பார்த்தார். மூன்று வருஷமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவளை யார் உற்றுப் பார்க்கிறார்கள், ரோட்டைத்தான் பார்ப்பார்கள்.

வண்டியில் ஏறியதும் அவர் சாவியைத் தொடவில்லை. மண்டிக்குப் போன் போட்டு, நாளைக்கு லோடு வேண்டாம் என்றார். அந்த லோடுக்காகத்தான் அவ்வளவு நேரம் கத்தினார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என்ன எறக்கிட்டு வேற ஆளைப் போட்டுக்கப் போற. அதானே?" என்றேன். நோயைப் பற்றி அப்போதுகூட ஒரு வார்த்தை பேசவில்லை நான்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். நடுங்கிக்கொண்டிருந்தது. பலமனேர் மலைப்பாதையில் ஒற்றைக் கையால் ஓட்டும் ஆள். "நாப்பதுன்னு பாத்ததுல இருந்து இப்டித்தான் கீது. என்னால ஓட்ட முடியாது. வா, ஆட்டோல போலாம்," என்றார்.

ஆறு மாதமாக என் சீட்டைப் பற்றியே கவலைப்பட்டிருந்தேன். இந்த ஆள் பயப்படுவார் என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

லாரியை அங்கேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோக்காரர் கண்டபடி ஓட்டினார். வேறு நாளாக இருந்தால் என் வீட்டுக்காரர் இறங்கிச் சண்டை போட்டிருப்பார்.

சுகர் என்று பிறகு தெரிந்தது, எக்கச்சக்கமாக இருந்தது, ஊசி போட வேண்டியிருந்தது. அதெல்லாம் பிறகு. முதலில் கவுண்ட்டரில் இருந்த அம்மா பேர் கேட்டார், வயசு கேட்டார். "வெயிட்?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள், "நாப்பது," என்றார் என் வீட்டுக்காரர்.

"ஏம் பனி?" என்ன வேலை என்று கேட்டார் அந்த அம்மா. இந்தக் கேள்விக்கு வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொல்லித்தான் எல்லோருக்கும் பழக்கம். அவரும் அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"கிளீனரு. எங்க லாரில," என்றார். "சீக்கிரம் பாருங்கம்மா. ஆளு இல்லாம வண்டி நிக்குது."