பொட்டு வைத்த கிராபிக்ஸ் கார்டு

கார்டுக்குப் பொட்டு வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

என் கணவர் கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் எடுத்துக்கொண்டு வருவார், நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவேன். அவர் தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. அரியலூரில் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தபோது என்னுடன் வந்தவை இரண்டு பெட்டித் துணியும் அந்தக் கம்ப்யூட்டரும்தான். கம்பெனியிலேயே பூட்டி, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பும் ரகம். அதைத் திறந்து பார்க்கவேண்டிய அவசியம் எங்களுக்கு வந்ததே இல்லை.

உடையார்பாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவருடைய நண்பர் ஒருநாள் போன் செய்தார். "வேலை இருக்கு தங்கச்சி. ஆனா இப்பல்லாம் எல்லாரும் படம் துல்லியமா ஃபோர் கேல கேக்குறாங்க, உங்க மெஷின் தாங்காது. ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டுக்குங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு கல்யாணத்த முடிச்சுக் காட்டுங்க. நல்லா வந்துச்சுன்னா அப்புறம் எல்லாம் உங்களுக்குத்தான். இல்லன்னா பெரம்பலூர்ல ஒரு பையன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

எனக்கு அது வெறும் வேலை இல்லை. அம்மா வீட்டில் என் வேலை என்ன தெரியுமா? விசேஷத்துக்கு யாராவது அழைக்க வந்தால் அடுக்களைக்குள் போய்விடுவது. வெளியே கிளம்புகிறவர்கள் வாசலைத் தாண்டும்வரை கொல்லைப்பக்கம் நிற்பது. போ என்று யாரும் சொல்லமாட்டார்கள். நானே போய்விடவேண்டும், அதுதான் மரியாதை. ஒரு கதவைச் சாத்திக்கொண்டு "வேலை இருக்கு" என்று சொல்ல எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

கார்டு வந்தது. என் தம்பி இன்ஜினியரிங் படித்தவன், அவனே பூட்டுகிறேன் என்றான். புதுப் பொருள் என்றால் மஞ்சள் குங்குமம் வைக்காமல் எங்கள் வீட்டில் மிக்சியைக்கூட ஓட்டமாட்டார்கள். அம்மா எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடக் கிளம்பினாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், வெளிநாட்டில் சம்பாதிக்கும் புருஷன், நிறைந்த நெற்றி. எனக்கு வந்ததே கோபம்!

"என் மெஷினுக்கு அவுங்க எதுக்கு?" என்றேன்.

"நல்ல காரியம்டி. சொன்னாக் கேளு. நீ வேணாம்."

"என் நெத்திக்குத்தான் கூடாது. இரும்புக்குமா கூடாது?"

சாமி மாடத்திலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து வந்து கார்டின் விசிறிக்குப் பக்கத்தில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தேன். பக்தியால் வைக்கவில்லை, வீம்பால் வைத்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி சிரித்தான். "விடும்மா, எந்தக் காலத்துல இருக்க நீ" என்று எனக்காகப் பேசவும் செய்தான். அந்த நிமிடம் அவனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பூட்டி முடித்து பட்டனை அழுத்தினான். விளக்கு எரிந்தது. விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. தானாகவே இன்னொரு தரம் முக்கிப் பார்த்து மறுபடி நின்றது. மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று எழுத்து ஓடியது.

கழற்றி மாட்டினான். மானிட்டர் வயரை இந்த ஓட்டையிலிருந்து அந்த ஓட்டைக்கு மாற்றினான். ரேமைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்தான். போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்து திரும்பப் போட்டான். ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியில் கார்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தான். மெஷின் எப்போதும்போல ஜம்மென்று ஓடியது.

"பாத்தியா! அத எடுத்ததும் ஓடுது பாரு" என்றாள் அம்மா.

அம்மா சொன்னது எனக்கு வலிக்கவில்லை. அவள் அப்படித்தான் சொல்வாள் என்று தெரியும். வியர்த்து வழிந்துகொண்டிருந்த தம்பி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான், "நீ குங்குமம் வச்சல்ல, பொடி உள்ள எங்கயாவது பின்னுல விழுந்திருக்கும்கா. ஷார்ட் ஆயிருக்கும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்குக் கூடம் கிடைக்கவில்லை, அக்காவின் கை கிடைத்தது. அம்மா சொன்னால் மூடநம்பிக்கை, அதையே இவன் ஷார்ட் சர்க்யூட் என்றால் விஞ்ஞானம். படித்த படிப்பு அதற்காவது உதவியதே.

"திருப்பி அனுப்பிடு" என்றேன்.

"வித்தவன் எப்படித் திருப்பி எடுப்பான்? பொட்டு வச்சு வச்சிருக்க. தொடச்சாலும் கறை தெரியுது."

அதுதான் உண்மையிலேயே கழுத்தைப் பிடித்தது. மாதக் கடைசிக்குப் பத்து நாள்கூட இல்லை. கார்டும் ஓடாது, திருப்பியும் அனுப்ப முடியாது, காரணம் என் விரல். இது இப்படியே நின்றுபோனால் நான் சாகிறவரை சொல்லிக் காட்டுவார்கள். தம்பிக்குக் குழந்தை பிறந்தால்கூட என் கையில் கொடுக்க யோசிப்பார்கள். சாயங்காலத்துக்குள் எதிர்வீட்டு அக்காவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. "வருத்தப்படாத, எல்லாம் நேரம்" என்று ஆறுதல் சொல்ல வந்தாள். அந்த ஆறுதலுக்குக் கன்னத்தில் ஒரு அறை வாங்கியிருக்கலாம்.

மறுநாள் அரியலூரில் இரண்டு கடைகளில் ஏறி இறங்கினேன். "கம்பெனி மெஷினா? நாங்க பிரிக்கிறதில்லீங்க" என்றார்கள். அதற்கடுத்த நாள் சி.பி.யூ.வைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். முன்னால் சிமெண்ட் லாரிகள், வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டியை இறுக்கிப் பிடித்தேன். கண்டக்டர், "என்னம்மா, பச்சப்புள்ளையா?" என்று கேலி செய்தார்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பாய் கடை. ஐம்பது வயதிருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி. கார்டைக் கையில் வாங்கியதும் சிரித்துவிட்டார். "மாஷா அல்லா, பொட்டெல்லாம் வச்சு மாப்பிள்ளையாட்டம் கொண்டாந்திருக்கீங்க."

"அதாலதான் ஓடலைன்னு சொல்றாங்க பாய்" என்றேன்.

"யாரு சொன்னா? பிளாஸ்டிக்கு மேல வச்ச பொட்டு உள்ள ஓடுற கரண்ட என்னம்மா பண்ணும்?"

அவர் மேசையில் திறந்து கிடந்த ஒரு மெஷினில் என் கார்டைச் செருகி, இரண்டு வயரை மாட்டி, ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் எதையோ தொட்டார். விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மானிட்டரில் படம் வந்தது. நான் அங்கே, முன்பின் தெரியாத கடையில், ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பாய் டீ சொல்லி அனுப்பினார்.

பிறகு என் பெட்டியைப் பிரித்தார். "இது ஆபீஸ்ல கணக்கு எழுதுறதுக்குச் செஞ்ச மெஷின்மா. பவர் சப்ளை சின்னது. இந்தக் கார்டுக்குன்னு தனியா கரண்ட் குடுக்கணும், அதுக்கு இதுல பிளக்கே கிடையாது. யாரோ ஹார்டு டிஸ்க் வயர்ல ஒட்டுப் போட்டு இழுத்திருக்காங்க. கார்டு கரண்ட கேக்கும்போது பவர் சப்ளை மூச்சு திணறி அணைஞ்சிடுது. இந்த ஒட்டு யாரு போட்டது?"

"இன்ஜினியர்" என்றேன்.

பெரிய பவர் சப்ளை மாட்டலாம் என்றால், அந்தக் கம்பெனிக்காரன் போர்டு பிளக்கைத் தனக்கென்று ஒரு தினுசாகச் செய்து வைத்திருந்தான். அதற்கொரு மாற்று வயரை அலமாரியில் தேடி எடுத்தார். பெட்டிக்குள் புதிய சப்ளை அடங்கவில்லை. பக்கக் கதவைக் கழற்றி, அதை வெளியில் உட்காரவைத்து, எந்த வயர் எதில் என்று என்னையே இரண்டு முறை மாட்டிக் கழற்றச் சொன்னார். "இன்ஷா அல்லா, நல்லா ஓடும். தைரியமாப் போங்க."

வீட்டில் நானே மாட்டினேன். நானே பட்டனை அழுத்தினேன். ஓடியது. அம்மாவைக் கூப்பிட்டு, ஒட்டு வயரைக் கையில் கொடுத்து, இதுதான் காரணம், இதை மாட்டியது உன் பிள்ளை என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

அம்மா திரையைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள். "அந்தக் கடைக்காரரு நல்ல கைராசிக்காரரு போலருக்கு" என்றாள்.

தம்பி, "நான் அப்பவே பவர் சப்ளையாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் நிரூபித்தது யாருக்கும் தேவைப்படவில்லை. பழி போடும்போது என் கை, சரியானபோது பாயின் கை. இனி இவர்களிடம் பேசிப் பயனில்லை, வேலையைப் பார்ப்போம் என்று கதவைச் சாத்தினேன்.

ஸ்டுடியோக்காரர் கொடுத்திருந்த கல்யாண வீடியோவை நான்கு நாளில் முடித்தேன். கார்டு பறந்தது. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. தாலி கட்டும் நேரத்தில் அவனுடைய அம்மா தூணோரம் ஒதுங்கி நிற்கிறார். சந்தனக் கலரில் பட்டு, வெறும் நெற்றி. மாப்பிள்ளை திரும்பித் தேடி, கையை நீட்டி, "வாம்மா" என்று பக்கத்தில் இழுத்து நிறுத்துகிறான். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து அட்சதை போடுகிறார். அந்த இடத்தை நான் வேண்டுமென்றே நீளமாக வைத்தேன். பாட்டைக்கூடக் குறைத்தேன். எடிட்டிங்கில் அமர்ந்து நான் அழுத ஒரே இடம் அது.

ஸ்டுடியோக்காரர் பார்த்துவிட்டு போன் செய்தார். "பிரமாதம் தங்கச்சி. ஒரே ஒரு கரெக்ஷன்." குரலைத் தாழ்த்தினார். "தாலி கட்டும்போது மாப்பிள்ளையோட அம்மா வர்றாங்கல்ல, அத எடுத்துடச் சொல்றாங்க பொண்ணு வூட்டுல. தப்பா நெனச்சுக்காதீங்க. உங்ககிட்ட சொல்லவே எனக்கு சங்கடமாத்தான் இருக்கு."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவரு இதெல்லாம் எங்க உக்காந்து பாக்கப்போறாரு?"

முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். பொட்டு வைக்கும்போது இருந்த வாய் எங்கே போனதோ தெரியவில்லை. கதவுக்கு வெளியே அம்மா யாரிடமோ, "உள்ள வேலையா இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அப்படிச் சொல்கிறாள்.

வெட்டினேன். மாப்பிள்ளை திரும்புவதை வெட்டினேன், கை நீட்டுவதை வெட்டினேன். வெட்ட முடியாத ஒரு ஷாட்டில் அந்த அம்மாவை மட்டும் மறைத்து, பின்னாலிருந்த வாழைமரத்தை இழுத்து மூடினேன். கார்டு இல்லாத பழைய மெஷினாக இருந்தால் இதற்கு ஒரு பகல் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும், நானும் நடுவில் மனம் மாறியிருப்பேனோ என்னவோ. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டுடியோக்காரரின் குரல் பதிவு வந்தது. சந்தோஷமாகப் பேசினார்.

"சூப்பர் தங்கச்சி. இனிமே எல்லாக் கல்யாணமும் உங்களுக்குத்தான். அங்க அப்படி ஒருத்தங்க நின்னதே தெரியல."