விசா ஜன்னலில் 'டூ'வும் 'இங்'கும்

மகளின் முதல் பிரசவத்துக்கு என்னால் அமெரிக்கா போக முடியவில்லை. விசா நேர்காணலில் அதிகாரி இங்கிலீஷில் கேட்ட எல்லாவற்றுக்கும் "எஸ், எஸ்" என்று தலையாட்டினேன். அங்கேயே தங்கிவிடுவீர்களா என்று கேட்டிருக்கிறார், அதற்கும் எஸ். முடிந்தது கதை! மாப்பிள்ளையைத் தவிர யார் துணையும் இல்லாமல் மகள் பிள்ளை பெற்றாள்.

அவள் இரண்டாவது உண்டானதும், இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவுகட்டினேன். சேலையூரில் எங்கள் சமையலறைதான் வகுப்பு. ஆபீஸில் இங்கிலீஷ் கடிதம் எழுதியே ரிட்டயரான என் கணவர் வாத்தியார். 'வான்ட்', 'ஹோப்', 'பிளான்' வந்தால் பின்னால் 'டூ'. 'என்ஜாய்', 'அவாய்ட்', 'ஃபினிஷ்' வந்தால் அடுத்த சொல்லின் வாலில் 'இங்'.

"ஏன் அப்படி?"

"ஏன்னு கேக்காதே. மனப்பாடம் பண்ணு."

காரணம் தெரியாமல் எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே நானே ஒன்று கண்டுபிடித்தேன்: இன்னும் நடக்காத ஆசைக்கு 'டூ', நடந்துகொண்டிருப்பதற்கும் முடிந்ததற்கும் 'இங்'.

"எல்லா இடத்துலயும் செல்லாது" என்றார்.

"எனக்கு வேண்டிய இடத்துல செல்லுது, போதும்."

கேம்ப் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் முணுமுணுப்பேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "ஜெபமா, அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நேர்காணலில் வேறொரு அதிகாரி. "அம்மா, தமிழ்லயே பேசலாமா?" என்றார். அப்படிக் கேட்டால் பேசாமல் தமிழிலேயே சொல்லிவிடு என்று என் கணவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நோ சார். ஐ வான்ட் டு ஸ்பீக் இன் இங்கிலீஷ்."

எதற்குப் போகிறீர்கள் என்றார். "ஐ ஹோப் சீயிங்..." நாக்கு புரண்டது. விடுவேனா! "சாரி சார். ஐ ஹோப் டு சீ மை டாட்டர்ஸ் பேபி."

அடுத்து அதே பழைய கேள்வி. அங்கேயே தங்கிவிடுவீர்களா?

"நோ சார். ஐ பிளான் டு கம் பேக். மை ஹஸ்பெண்ட் இஸ் ஹியர்."

சிரித்துக்கொண்டே என் பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துக்கொண்டார். விசா இல்லையென்றால் அதைக் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

வெளியே வந்த கையோடு மகளுக்குப் போன் போட்டேன். "வரேன்டி!" என்றேன்.

"போன தடவை, உங்க அம்மா வரலையான்னு நர்ஸ் கேட்டுக்கிட்டே இருந்தாங்கம்மா" என்றாள். "என்ன சொல்றதுன்னு தெரியாம, தூங்கற மாதிரி கண்ணை மூடிப் படுத்துக்கிட்டேன்."

இத்தனை நாளும் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நடுரோடு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.