பாவின் மேல் ஓடிய குரங்கு

முயல் மோசமா, குரங்கு மோசமா என்று எனக்கும் என் மச்சானுக்கும் வருஷக்கணக்காக வழக்கு. அவன் சந்தவாசல் பக்கம் வேர்க்கடலை போடுகிறவன். நான் ஆரணியில் பட்டு நெய்கிறவன். காட்டு முயலைப்போல பேஜார் உலகத்திலேயே கிடையாது என்பான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள். வாதாடி வாதாடி எனக்கு அலுத்துவிட்டது.

முயல் என்ன செய்கிறது, பாவம்? இருட்டில் ஒண்டியாக வருகிறது. பசிக்குக் குருத்தைக் கடிக்கிறது. ஆள் சத்தம் கேட்டால் பிடரிக் கறுப்பு தெரிய ஓடிவிடுகிறது. பகலெல்லாம் புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கிறது. குரங்கு அப்படியா? பட்டப்பகலில் குடும்பத்தோடு வரும். தலைமயிரை நடுவகிடு எடுத்தாற்போல் வைத்துக்கொண்டு, நம் கண்ணையே பார்த்தபடி தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கழற்றும். தின்பது கொஞ்சம், பிய்த்துப் போடுவதுதான் அதிகம். முயலை அடிக்க மச்சானுக்குக் கை கூசாது. நான் குரங்கைப் பார்த்துக் கல்லெடுத்தால், ஆஞ்சநேயர் என்று தெருவே கையைப் பிடிக்கும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. மகளின் முகூர்த்தப் புடவைக்கான பட்டிழைகளை, அதாவது பாவு முழுவதையும், தெருவில் நீட்டிக் கஞ்சி போட்டிருந்தோம். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நெய்த தறியில் சொந்த மகளுக்கு நெய்யப்போவது இதுதான். வெயில் ஏறிக் கஞ்சி காய்வதற்குள் இழைகளை நீவிப் பிரித்துவிட வேண்டும். மச்சானும் உதவிக்கு வந்திருந்தான். திடீரென்று மதிலிலிருந்து ஒரு பெண் குரங்கு, வயிற்றில் குட்டியோடு, இறங்கிப் பாவின் மேலேயே ஓடியது. பின்னாலேயே மற்றதெல்லாம். குரங்கு கைப் பூமாலைதான். நடுவில் ஒரு கையகலத்துக்கு இழைகள் அறுந்து தொங்கின.

பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் சொன்னார். சனிக்கிழமைதோறும் என் மனைவி அந்த மதில் மேல் வாழைப்பழம் வைப்பாளாம். அன்றைக்குப் பாவு வேலையில் மறந்துபோயிருக்கிறாள். அதுகள் தேடிக்கொண்டு இறங்கிவிட்டன.

அவளைப் பார்த்தேன். அறுந்த இழைகளைத் தேடி முடிந்துகொண்டே, தலை நிமிராமல் பேசினாள். மகளுக்கு வரன் தட்டிக்கொண்டே போனபோது ஆஞ்சநேயரிடம் வேண்டிக்கொண்டதாம்.

"கேட்டத குடுத்துட்டாரு. கூலிய எடுத்துகினாரு."

மச்சான் அன்றைக்கு முயல் பேச்சையே எடுக்கவில்லை. மகளும் வந்து இழை முடிய உட்கார்ந்தாள். இனிமேல் பழம் வைக்கப்போவதில்லை என்று மனைவி அழுகிற குரலில் சொன்னாள்.

"வை," என்றேன். "கல்யாணம் முடியிற வரைக்கும் மறக்காம வை."