நிற்கிறதா, விழுந்துவிட்டதா?

ஏற்காட்டில் வருவாய்த்துறை அலுவலகத்தில் நான் தட்டச்சராக இருந்த எண்பதுகளில், எங்கள் அதிகாரி தொலைபேசியில் பேசும் விதத்தை வைத்தே மறுமுனையில் யார் என்று சொல்லிவிடலாம். சேலத்துப் பெரிய அதிகாரி என்றால் எழுந்து நின்றுகொண்டு பேசுவார். மலைக்காரர்கள் யாராவது என்றால் பேசவே மாட்டார். அந்த மனிதரை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. அவர் இறந்த செய்தி வந்தபோதுகூட எனக்கு வருத்தம் வரவில்லை.

நான்கு நாளாக விடாத மழை. கரடியூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயி சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார். அவர் வீட்டுக்கு மேலே, காட்டு எல்லையில் இருந்த பெரிய மரம் வேர் பெயர்ந்து சாய்ந்திருந்தது. வீட்டில் பிள்ளை பெற்று எட்டு நாளே ஆன மனைவி.

"நொம்ப சாஞ்சிருச்சுங்க. ஊட்டு மேல உழுந்துருமுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நானே வெட்டிப்போடறனுங்க."

"மரம் நிக்குதா, விழுந்துடுச்சா? அதைச் சொல்லு" என்றார் அதிகாரி.

நின்றால் அது வனத்துறையின் மரம். பாதையில் விழுந்தால் நெடுஞ்சாலைத்துறை, வீட்டின் மேல் விழுந்தால் வருவாய்த்துறை. சாய்ந்த மரத்துக்கு எந்தத் துறையும் பொறுப்பில்லை. "கோடாலி வெச்சே, கேஸாயிடும்" என்று அவரை மிரட்டினார். குடும்பத்தைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கலாமே என்றேன். அதைத் திறக்கவும் சேலத்து உத்தரவு வேண்டுமாம். 'சாய்ந்த நிலையில் உள்ள மரம் குறித்து' என்று அதிகாரி சொல்லச் சொல்ல, நான்கு நகல் அடித்தேன். மறுநாள் சேலத்திலிருந்து பதிலுக்கு ஒரு கேள்வி வந்தது: மரத்தின் சுற்றளவு என்ன?

மூன்றாம் நாள் காலையில் மரம் விழுந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே ஓடி வந்துவிட்டார். மனைவி உள்ளேயே இறந்துபோனாள். மாலைக்குள் மூன்று துறைக்காரர்களும் ஒரே ஜீப்பில், ரம்பமும் கயிறுமாக வந்து இறங்கினார்கள். எங்கள் அதிகாரிதான் முன்சீட்டில் இருந்தார்.

இப்போது மழைக்கு முன்பே எல்லாத் துறைகளையும் உட்காரவைத்துக் கூட்டம் போடுகிறார்களாம். போடட்டும்.

காரியம் முடிந்து இறப்புச் சான்றிதழுக்காக வந்த விவசாயி அதிகாரியின் அறைக்குப் போகவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார்.

"ஏனுங்கம்மா, அன்னைக்கே உழுந்துருச்சுன்னு எழுதியிருந்தா ஆளு வந்திருப்பாங்களுங்களா?"

வந்திருப்பார்கள். கடிதத்தை அடிக்கும்போதே அது எனக்குத் தெரியும்.

"தெரியலீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.